உடையாத பேரிங்

மீசையைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய பழைய பெருமையைச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் மெக்கானிக் அவர். ஒரு காலத்தில் கடவுளுக்கு ஒரு படி கீழே இருந்தார் என்றால் மிகையில்லை. லிஃப்ட் நடுவழியில் நின்று, விளக்கும் அணைந்து, உள்ளே இருப்பவர்கள் தாங்கள் செய்த பாவங்களையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்து முடிக்கிற நேரத்தில், தலைக்கு மேலே ஓர் இடுக்கு திறக்கும். அதில் டார்ச் வெளிச்சமும் ஒரு மீசையும் தெரியும். "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று மீசை சொல்லும்.

வெளியே வந்தவர்கள் அவர் கையைப் பிடித்தால் விடமாட்டார்கள். ஒரு வக்கீல் அவரைக் கட்டிக்கொண்டு அழுததில் சட்டையைக் கழற்றிப் பிழிய வேண்டியதாயிற்று. இன்னொரு வீட்டில் பிறந்த குழந்தைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். குழந்தை பெண். இருந்தாலும் வைத்தார்கள்.

கல்யாணமும் அந்த வழியில்தான் வந்தது. ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாவையும் மகளையும் அவர்தான் தூக்கிவிட்டார். மகள் முதலில் கையை நீட்டினாள். நீட்டிய கையை அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் இன்றுவரை, அன்றைக்குப் படியில் ஏறியிருந்தால் தனக்கு வேறு மாப்பிள்ளை அமைந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் அந்தப் பெட்டி வந்தது.

பார்க்க சோப்புப் பெட்டி மாதிரிதான் இருக்கும். மோட்டாரின் முதுகில் ஒட்டிக்கொண்டு அதன் அதிர்வை இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். இதே ஜாதி மோட்டார்கள் எத்தனையோ ஊர்களில் ஓடுகின்றன அல்லவா, அவை கெட்டுப்போவதற்கு முன்னால் எப்படியெப்படி முனகின என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். இந்த மோட்டார் அந்த மாதிரி முனகத் தொடங்கிய உடனே, இன்ன பாகம் போகப்போகிறது என்று மீசையின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். விமான எஞ்சினுக்கும் ரயில் சக்கரத்துக்கும் காற்றாலைக்கும்கூட இப்போது இப்படி ஒரு காது வைத்திருக்கிறார்கள். பாகம் உடையும்வரை காத்திருக்கிற பழக்கமே போய்விட்டது.

மீசையின் பெருமையும் அதோடு போய்விட்டது. முன்பெல்லாம் நின்ற லிஃப்டை ஓடவைக்கப் போனார். இப்போது ஓடுகிற லிஃப்டை நிறுத்தப் போகிறார். கதவில் 'பழுது பார்க்கிறோம்' என்ற பலகையை மாட்டும்போதே பின்னால் ஒரு முணுமுணுப்புக் கேட்கும். "நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு." யாரும் கட்டிப்பிடிப்பதில்லை. யாரும் மாட்டிக்கொள்ளவில்லையென்றால் யார்தான் கட்டிப்பிடிப்பார்கள்? சட்டை இப்போதெல்லாம் வியர்வையில்தான் நனைகிறது.

அவருடைய மாமியார் இருப்பது அவரே பராமரிக்கிற ஒரு கட்டடத்தின் எட்டாம் மாடியில். அந்த அம்மாளுக்குப் போன மாதம் முட்டி மாற்றினார்கள். எலும்பைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் அளவெடுத்து, ஜாக்கெட் தைப்பதுபோல அவருக்கென்றே வெட்டிச் செய்த முட்டி. ஜாக்கெட் என்றால் பிடிக்காவிட்டால் பிரித்துத் தைக்கலாம், இதை என்ன செய்வது என்று டாக்டரையே கேட்டு மடக்கியிருக்கிறார். வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று காலையில்தான் மீசையின் போன் அதிர்ந்தது. அதே கட்டடம். மோட்டாரின் பின்பக்க பேரிங். சிவப்பு.

பேரிங் என்பது சுழலும் தண்டைத் தாங்குகிற இரட்டை வளையம். வளையங்களுக்கு நடுவில் எஃகுக் குண்டுகள் உருளும். அது போனால் மோட்டார் இறுகி நின்றுவிடும். லிஃப்ட் கீழே விழாது, பிரேக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நின்ற இடத்தில் நின்றதுதான்.

மீசை மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறினார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அவர் காது லேசுப்பட்டதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் கொசு தும்மினால் ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடிய காது. அந்தக் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். மோட்டார் வயிறு நிறைந்த பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், சிவப்பு என்றால் சிவப்புதான் என்றாள். பத்து நாள் ஓடினாலும் ஓடும், இன்றைக்கே நின்றாலும் நிற்கும். நிறுத்துவதா வேண்டாமா என்பது நேரில் இருக்கிறவர் முடிவு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்து மனைவி பேசினாள். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கிளப்பிவிட்டதாகவும், எட்டாம் மாடிக்கு ஏற்றிய பிறகு லிஃப்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னாள். ஒரே ஒரு தடவைதானே. மீசையை உறுத்தியதும் அந்த ஒரு தடவைதான். நடுவில் நின்றுவிட்டால் இடுக்கு வழியாக ஆளைத் தூக்க வேண்டும். தையல் ஆறாத முட்டியை எப்படித் தூக்குவது?

"உங்க காதுக்கே ஒண்ணும் கேக்கலைங்கறீங்க. அப்புறம் எதுக்குங்க?" என்றாள்.

அவர் போனை வைத்துவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினார்.

மாமியார் வந்து இறங்கினார். சக்கர நாற்காலியைத் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். புது பேரிங் வர மத்தியானம் ஆகும், மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகும் என்று மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நிறுத்தி, புன்சிரிப்போடு, "எங்க மாப்பிள்ளைதான் என்னை இங்க உக்கார வச்சிருக்கார். காரணமிருக்கும். பெரிய வேலைக்காரர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காய்கறிப் பையோடு வந்தவர்கள், புது மெத்தையைத் தலையில் சுமந்து வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் படியேறினார்கள். மெத்தை சுமந்தவர்கள் நான்காம் மாடியில் அதை விரித்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போனார்கள் என்று கேள்வி.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். உடைவதற்கு முன்னாலேயே மாற்றுகிற மருமகனுக்கு என்ன குடம் என்று எந்தப் பழமொழியும் சொல்லிவைக்கவில்லை.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பத்தாம் மாடிக்காரர். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு ஒரு தடவையும், கண்ணாடியை எடுக்கப் போய்ப் போனை மறந்து மறு தடவையும் ஏறி இறங்கியிருந்தார். கீழே வந்து சேர்ந்தபோது அவருடைய மூச்சு பின்னால் வந்துகொண்டிருந்தது. மூச்சு வந்ததும் அறிவித்தார்: சாயங்காலம் எல்லோரும் கீழே கூடுவது, மீசை கழற்றிய பாகத்தைக் கொண்டுவந்து காட்டுவது, அது கெட்டிருக்காவிட்டால் அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பழையபடி நின்றால் மட்டும் ஆளைக் கூப்பிடுவது.

மேலே மீசையும் உதவிக்கு வந்த இன்னொரு மெக்கானிக்கும் மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, பழைய பேரிங்கைக் கழற்றி, புதியதைப் போட்டார்கள். உதவிக்கு வந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மீசை பழையதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினார். வெண்ணெய் மாதிரி சுழன்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். உள்வளையத்தில் ஓரிடம் கொஞ்சம் மங்கலாக இருந்ததுபோல் பட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அதுவும் இல்லை. ஊசி முனைக்கும் சின்னதாக எஃகுக்குள்ளே எங்கோ விரிசல் ஓடியிருக்கலாம். பெட்டி அதைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் உளறியும் இருக்கலாம்.

கருவிப் பையின் அடியில் இன்னொரு பேரிங் கிடந்தது. வேறொரு கட்டடத்தில் கழற்றியது. வெளிவளையம் இரண்டாகப் பிளந்து, குண்டுகள் கருகி, பார்த்தாலே பயமாக இருக்கும். அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே கூடியிருப்பவர்களில் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? இதை நீட்டினால் போதும். பத்தாம் மாடிக்காரர் வாயடைத்துப் போவார், பெட்டி பிழைக்கும், மாமியார் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம். யாராவது கட்டிப்பிடித்தாலும் பிடிக்கலாம். இப்படி ஒரு பொய் கையில் தானாக வந்து விழுவது லேசில் நடக்காது. விட்டவனை உலகம் மன்னிக்காது.

ஒன்றை இடது பாக்கெட்டிலும் மற்றதை வலது பாக்கெட்டிலும் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் மனசு ஒரு பாக்கெட் மாறியது.

கீழே கூட்டம் நிறைந்திருந்தது. மாமியார் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பத்தாம் மாடிக்காரர் கையை நீட்டினார். "எடுப்பா, பாப்போம்."

மீசை இடது பாக்கெட்டில் கையை விட்டார். அது நல்ல பேரிங்.

பத்தாம் மாடிக்காரர் அதை வாங்கி ஒரு தடவை சுழற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் ஒரு தடவை சுழற்றினார். அது பாட்டுக்கு விளையாட்டுச் சாமானாகக் கை மாறிக்கொண்டே போனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"என்னப்பா இது? புதுசு மாதிரில்ல இருக்கு."

"ஆமா சார். எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றார் மீசை. "பத்து நாள் ஓடியிருக்கும். இல்லாட்டி, இன்னைக்கு அத்தை ஏறும்போது நின்னிருக்கும். ரெண்டுல எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஏத்திவிட்டுப் பாத்திருந்தாத்தான் தெரிஞ்சிருக்கும். எனக்கு அப்படித் தெரிஞ்சுக்க மனசு வரல."

யாரும் கை தட்டவில்லை. பத்தாம் மாடிக்காரர், ஆகவே பெட்டியை எடுத்துவிடலாம் என்று சங்கம் முடிவு செய்வதாக ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் 'டிங்' என்று வந்து கதவைத் திறந்தது. நாள் முழுக்கப் படியேறிய கால்களுக்கு அதற்கு மேல் ஜனநாயகம் தாங்கவில்லை. ஆகவே என்று தொடங்கிய வாக்கியம் முடிவதற்குள் அவர் முன்னால் ஆளில்லை. முடிவை நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவரும் அடுத்த நடையில் ஏறிக்கொண்டார்.

கடைசி நடையில் மாமியாரும் நாற்காலியும் மீசையும். மகள் பைகளோடு முன்னாலேயே போயிருந்தாள். கதவு மூடியது. இரண்டாம் மாடி தாண்டியதும் மாமியார் அவருடைய பாக்கெட்டைப் பார்த்தார்.

"மாப்ள, அந்தப் பக்கத்து பாக்கெட்டுல என்ன? கால்சட்டையே சரிஞ்சு தொங்குது."

அவர் எடுத்துக் காட்டினார். அந்த அம்மாள் பிளந்த வளையத்தை விரலால் தடவினார். விரலில் கரி ஒட்டியது.

"இத ஏன் காட்டல?"

"அது வேற கட்டடத்தோடது அத்தை."

"கீழ இருந்தவங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப என்கிட்ட குடுங்க. காலையில அந்தப் பத்தாம் மாடிய நான் பாத்துக்கறேன். நீங்க பொய் சொன்னதா ஆகாது. நான்தான சொல்றேன்."

மீசை கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வேண்டாம் அத்தை. நாளைக்கு ஒருநாள் நிஜமாவே இப்படிப் பிளந்தத கொண்டாந்து காட்டுவேன். அன்னைக்கு நம்பணுமே."

எட்டாம் மாடி வந்தது. கதவு திறந்தது. அவர் நாற்காலியை மெல்ல வெளியே தள்ளினார். மாமியார் கையிலிருந்த கரியைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே யோசித்தார்.

"சரி. பொய் இல்லாமலே சொல்லிப் பாக்கறேன்" என்றார். "பழக்கமில்லாத வேலை. கொஞ்சம் நேரமாகும்."

மறுநாள் அந்த அம்மாள் பத்தாம் மாடிக்காரரை வீட்டுக்கு வரவழைத்து மத்தியானம்வரை பேசியிருக்கிறார். பெட்டி இன்னும் மோட்டாரின் முதுகில்தான் இருக்கிறது. ஒன்றும் நடக்காத ஒரு கதையை, ஒரு சொல் கூட்டாமல், கேட்பவர் நம்பும்படி அவர் எப்படித்தான் சொன்னாரோ தெரியவில்லை. கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார்.