பத்து என்றாள், பதினாலு என்று எழுதினேன்

என் மனைவி ரைபிள் சுடுகிறவள். இதைச் சொன்னதும் ஆட்கள் என்னைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஷூவின் மேல்தோலுக்கு அட்டையில் அளவு வெட்டிக் கொடுக்கிறவன். "மாஸ்டர், வூட்ல கையத் தூக்கினுதான் பேசுவீங்களா?" என்று கட்டிங் செக்‌ஷனில் கேலி செய்வார்கள். அணைக்கட்டிலிருந்து வேலைக்கு வரும் ஒருவர், தன் கடலைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றியைச் சுட அவளை அனுப்ப முடியுமா என்று மெனக்கெட்டு வந்து கேட்டார். அவள் சுடுவது வெறும் காகிதத்தை என்று சொன்னதும் அவருக்கு எங்கள் குடும்பத்தின் மேல் இருந்த மரியாதை சட்டென்று குறைந்துவிட்டது.

அவள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்லூரியில் என்.சி.சி.யில் சுடக் கற்றவள். கல்யாணம், குழந்தை, வார்டு டியூட்டி என்று இருபது வருடம் துப்பாக்கியைத் தொடவில்லை. மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒருநாள், "எனக்குன்னு ஒண்ணு வேணுங்க" என்றாள். புடவையோ வளையலோ என்று நினைத்தேன். ரைபிள் கிளப்பில் சேர்ந்தாள். முந்நூறு மீட்டர் தூரத்தில் தரையில் குப்புறப் படுத்துச் சுடும் போட்டி அவளுக்கு வாகாக வந்தது. நாற்பத்தாறு வயதில் ஒருமுறையாவது மாநில அணியில் இடம் பிடித்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வாய்விட்டுச் சொன்ன ஆசைகள் அவளிடம் மொத்தமே நாலைந்துதான் இருக்கும். அதில் இது ஒன்று.

இடையில் தோள் கெட்டது. கட்டிலிலிருந்து சரிந்த ஒரு கனத்த நோயாளியைத் தனி ஆளாகத் தாங்கிப் பிடித்ததில் வலது தோளின் தசைநார் கிழிந்து, ஆபரேஷன் ஆயிற்று. ஒரு வருடம் கழித்து, "பார்த்துச் சுடலாம்" என்று டாக்டர் சொன்னார். அவள் காதில் 'சுடலாம்' மட்டும் விழுந்தது. என் காதில் 'பார்த்து' மட்டும் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய ரைபிளின் பேரல், குண்டு ஓடும் குழல், தேய்ந்துபோய் மாற்ற வேண்டி வந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அனுமதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். ஒன்று வாங்கிவிட்டால் அடுத்ததற்கு எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆர்டர் படிவத்தில் நீளம், கனம் எல்லாவற்றோடும் ட்விஸ்ட் என்று ஒரு கட்டம் இருந்தது.

பேரலின் உள்ளே திருகு மாதிரி பள்ளங்கள் ஓடும். குண்டைச் சுழற்றி அனுப்புவது அவைதான். பத்து என்று எழுதினால், குண்டு பத்து அங்குலம் போவதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றும். பதினாலு என்றால் அதே ஒரு சுற்றுக்குப் பதினாலு அங்குலம் வேண்டும். அதாவது சுழற்சி மெதுவு. குண்டு நீளமாக இருந்தால் வேகமான சுழற்சி வேண்டும். இல்லையென்றால் ஓய்கிற பம்பரம் போலத் தலையாட்டிப் பக்கவாட்டில் புரண்டுவிடும். நீளமான குண்டு கனமானது, பாலாற்றுப் பக்கமிருந்து அடிக்கும் காற்றுக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் சுடும்போது துப்பாக்கி தோளில் நன்றாக உதைக்கும். குட்டைக் குண்டு உதைப்பது குறைவு. காற்று அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

கம்பெனியிலும் வீட்டிலும் படிவம் நிரப்புவது என் வேலை. அன்று சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதினேன்.

"ட்விஸ்ட் பத்து" என்றாள். "கிளப்ல எல்லாரும் சேர்ந்து வாங்குறது அந்த நீளக் குண்டுதான். காத்துல நிக்கும்."

"உதைக்குமே?"

"உதைச்சா இன்னா? தாங்கிக்குவேன்."

அன்று காலையில் அவள் தலைவாரியதைப் பார்த்திருந்தேன். கையைத் தலைக்குத் தூக்காமல், தலையைக் கைக்குக் கொண்டுபோய்ச் சாய்த்து வாரிக்கொண்டிருந்தாள். மேல்தட்டிலிருந்து உப்பு பாட்டிலை இடது கையால் எடுத்தாள். கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க" என்பாள். அந்தப் பதிலோடு பல மாதம் குடித்தனம் நடத்தியிருந்தேன்.

நான் பதினாலு என்று எழுதினேன்.

பேரல் வந்த பிறகு நைச்சியமாகப் பேசி அவளைக் குட்டைக் குண்டுக்கு மாற்றிவிடலாம் என்பது என் கணக்கு. அளவுகளைத் திருத்துவதிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு வரும் திமிர் அது. பேரல் வந்தது. அதன்மேல் அளவு எழுதி ஒட்டியிருந்த தாளை அவள் டியூட்டியிலிருந்து வருவதற்குள் உரித்துப் போட்டேன். கிளப்பின் துப்பாக்கி மெக்கானிக் பொருத்திக் கொடுத்தார். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். அவள் அந்தப் பேரலைத் துடைக்கிற விதத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டேன்.

கிளப்புக்கு ஞாயிற்றுக்கிழமையில்தான் சுடுகிற ரேஞ்ச் கிடைக்கும். சர்ச்சில் அதிகாலை ஆராதனை முடிந்து, கோயில் உடுப்பை மாற்றிக்கொண்டு போனோம். மலையடிவாரம், எட்டு மணிக்கே பாறை சுட ஆரம்பித்திருந்தது. அவள் படுத்தாள். நான் பின்னால் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தேன். முதலில் நூறு மீட்டரில் ஐந்து குண்டு. காகிதத்தில் ஐந்து துளையும் விழுந்தன. எதுவும் வட்டமாக இல்லை. சாவித் துவாரம் போல நீளமாகக் கிழிந்திருந்தன. குண்டுகள் பக்கவாட்டில் போய் மோதியிருந்தன.

கிளப்பில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "தோட்டா பேஜாரும்மா, வேற பாக்ஸ் போடு" என்றார். வேறு போட்டாள். அதே கிழிசல். முந்நூறு மீட்டரில் பாதிக் குண்டுகள் காகிதத்திலேயே படவில்லை. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அவள் தோளை மெல்ல ஒரு தடவை உருட்டுவாள். அந்த உதையையும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் கிடைக்காமல் படுத்திருந்தாள். அவள் உடம்பைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பிய நான், அதை வீணாக அடிபட வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை. சுத்தம் செய்யும் கம்பியின் நுனியில் துணியை இறுக்கமாகச் சுற்றிப் பேரலுக்குள் விட்டாள். பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு துணி திரும்ப, கம்பியும் கூடவே திரும்பும். கம்பியின் மேல்பக்கத்தில் ஒரு மார்க்கர் புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை மெதுவாகத் தள்ளினாள். கம்பி எவ்வளவு தூரம் உள்ளே போயிற்று என்று அளந்தால் ட்விஸ்ட் தெரிந்துவிடும்.

"உங்க ஸ்கேலக் கொண்டாங்க."

கொண்டுவந்தேன்.

"நீங்களே படிங்க."

எத்தனையோ வருடம் மில்லிமீட்டர் பார்த்த கண். தவறாகப் படித்தேன் என்று சொன்னால் எந்தப் பைத்தியக்காரனும் நம்பமாட்டான். "முந்நூத்தி அம்பத்தஞ்சு" என்றேன். அவள் உதடு அசையாமல் கணக்குப் போட்டாள்.

"பதினாலு. நான் பத்துதானே சொன்னேன்?"

"ஆமா."

"அவங்க தப்பா அனுப்பிட்டாங்களா?"

எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தாள் என்று இன்றுவரை நினைக்கிறேன். அதில் நுழைந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். "இல்ல. நான்தான் மாத்தி எழுதினேன்" என்றேன். சொன்ன வேகத்திலேயே, குற்றம் செய்தவனுக்கு வருகிற கோபமும் வந்துவிட்டது. "பின்ன? தலைகூட வார முடியல உன்னால. நான் பாத்துக்கினு சும்மா இருக்கணுமா? உன் தோளுக்காகத்தான் செஞ்சேன்."

"தோளு என்னுதுங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. கம்பியை உருவி, துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு எனக்குச் சாப்பாடு போட்டாள்.

மாநிலத் தேர்வுக்குக் கொடுத்திருந்த பெயரை அந்த வாரமே திரும்ப வாங்கிக்கொண்டாள். குட்டைக் குண்டு ஒரு பெட்டி கடன் வாங்கிச் சுட்டுப் பார்த்தாள். துளை வட்டமாகத்தான் விழுந்தது. ஆனால் காற்று அதை இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. தேர்வு நாளில் ஆஸ்பத்திரியில் வேறொருத்திக்குப் பதிலாக டியூட்டி பார்க்கப் போனாள். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். கோயிலில் வாராவாரம் எல்லாரோடும் சேர்ந்து மடமடவென்று சொல்லும் பாவ அறிக்கை அடுத்த ஞாயிறு எனக்குப் பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் அவள் தடங்கலின்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னோடு அவள் பேசாமல் இல்லை. பேசினாள். பால் வாங்கணும், கேஸ் தீர்ந்துபோச்சு, மகளுக்குப் போன் பண்ணுங்க. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை. மன்னிப்பு மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "சரிங்க" என்றாள்.

இன்னொரு பேரலுக்கு அலைந்தேன். எந்த ஆபீஸில் எந்த மேஜை என்று அத்துப்படியாகும் அளவுக்கு அலைந்தேன். ஒன்றரை வருடம் கழித்து அனுமதி வந்தது. கூடவே அதே ஆர்டர் படிவம். அதை நிரப்பாமல் சாப்பாட்டு மேஜையில் அவள் கண்ணில் படும்படி வைத்தேன். நான்கு நாள் அங்கேயே கிடந்தது. இருவரும் அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

ஐந்தாம் நாள் காலை, அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "வலிக்குதா?"

"ஒண்ணும் இல்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என் முகத்தில் என்னத்தைப் பார்த்தாளோ தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குதுங்க. முப்பது ரவுண்டுக்கு மேல போனா விரல் மரத்துடுது. டிரிக்கர்ல விரல் இருக்கா இல்லையான்னே தெரியமாட்டேங்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க முடிவு பண்ணிடுவீங்க. டாக்டர், மாத்திரை, கிளப்புக்குப் போகாதன்னு எல்லாத்தையும். அதுக்குப் பயந்துதான் மறைச்சேன்."

நான் செய்த பொய்க்குப் பக்கத்தில் அவளுடைய பொய்யும் இத்தனை நாள் குடியிருந்திருக்கிறது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அவள் என்னிடம் வலியைச் சொன்னாள் என்பதில் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவளை மடியில் போட்டுத் தாலாட்டலாம் போலிருந்தது. "அப்ப..." என்று வாயைத் திறந்தவன், நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கொடியில் ஆடும் துணிகளைப் பார்த்தாள். காற்றைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"பன்னெண்டு" என்றாள். "ரொம்ப நீளக் குண்டு ஓடாது. நடுத்தரம் ஓடும். காத்துல கொஞ்சம் போவும், நான் பாத்துக்குறேன். உதையும் கம்மி."

பேனாவை அவளிடம் நீட்டினேன்.

"நீங்களே எழுதுங்க" என்றாள்.

ட்விஸ்ட் என்ற கட்டத்தில் பன்னிரண்டு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன். காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் அதைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினாள்.