சாட்டுக்குள் வராத வீடு

எங்கள் தெருவில் கூரியர்காரருக்குக் கதவு எண் தேவையில்லை. "சிலோன்காரங்க ஊடுங்களா?" என்று போனில் கேட்பார். ஆமாங்க என்பேன், ஒவ்வொரு முறையும் எரிச்சலாக இருக்கும். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவரை நாங்கள் இந்தியாக்காரர்கள். கல்யாணமாகி உடுமலைக்கு அருகே இந்தச் சிற்றூருக்கு வந்த அன்றே சிலோன்காரி ஆனேன்.

இந்த வீட்டைக் கட்டியவர் என் மாமனார். அவரும் இலங்கைத் தோட்டத்திலிருந்து இளைஞராகக் கப்பலில் வந்து, நூல் மில்லில் சேர்ந்து, ஊர்க்கோடியில் இடம் வாங்கினார். முதலில் ஓர் அறை. பிள்ளை பிறக்கப் பிறக்கப் பக்கத்தில் இன்னோர் அறை. நான்கு அறைகளும் ஒரே வரிசை; எல்லாக் கதவுகளும் ஒரே பக்கம் பார்க்கும். ரயில் பெட்டி என்று ஊர் சிரித்ததாம். மணப்பெண்ணாக நுழைந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது லயம். நான் பிறந்த தோட்டத்து வரிசை வீடு. அவருக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். ஆனால் அங்கே சுவரில் ஆணி அடிக்கவும் தோட்டத்துரையைக் கேட்க வேண்டும். இங்கே ஒவ்வொரு செங்கல்லும் எங்களுடையது. அதனால் ஊரும் எங்களுடையது என்று நினைத்துவிட்டேன்.

இங்கே மாரியம்மன் நோன்பு சாட்டி, திருவிழாவை ஊருக்கு அறிவித்துவிட்டால், அது முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. இந்த வருடம் சாட்டிய நான்காம் நாள், கோயில் சுற்றும் கூட்டத்தோடு என் அம்மா இலங்கையிலிருந்து திருச்சிக்கு வந்திருந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்; கல்யாணத்துக்குப் பிறகு அவளை அன்றுதான் பார்த்தேன். பேத்தியை மடியைவிட்டு இறக்கவே இல்லை. "ஒரு ராவு தங்கிட்டுப் போ புள்ள" என்றாள். குழந்தைக்கு அம்மை கிம்மை வந்துவிட்டால்? பயந்து, மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். அம்மா பஸ் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு சரசக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, அதுக்குள்ள வந்துபோட்டே?"

"சாட்டிருக்காங்கல்லங்க அக்கா."

"அட, அது ஊர்க்காரங்களுக்குத்தானே கண்ணு. உங்களுக்கு அதெல்லாம் இல்லை. அம்மாகூட ரெண்டு நாள் இருந்துபோட்டு வந்திருக்கலாமல்லோ!"

அன்போடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. நான்தான் சரியாக விசாரிக்கவில்லையோ என்று நாள் முழுக்க யோசித்தேன். இத்தனை வருடம் குடியிருக்கும் வீடு ஊருக்குள் இல்லை என்று யாரிடம் போய் விசாரிப்பது?

திருவிழா அன்று பூசாரி கரகத்தோடு வீடு வீடாக வருவார். பெண்கள் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். சரசக்கா வாசலோடு கரகம் திரும்பிவிடும். தெரு எங்களோடு முடிவதால் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருந்தேன். இந்த வருடம் நிறைகுடத்தோடு நடுத்தெருவில் போய் நின்றேன். பூசாரி தயங்கினார். முன்னால் வந்த ஊர்ப் பெரியவர் கும்பிட்டார்.

"அம்மணி, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க. நேரமாச்சுங்க."

"எங்க ஊட்டுக்கும் வரட்டுமுங்க."

"அதுக்கென்னங்க, கோயில்ல வந்து ஊத்திக்கோங்க. யாருங்க வேண்டாம்னாங்க?"

"எம்பொண்ணு இங்கதானுங்க பொறந்தா."

"பொறந்தாப் போதுமா!" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பெரியவர் அதட்டி அடக்கினார். பிறகு எனக்கு மறுபடியும் ஒரு கும்பிடு. தோட்டத்தில் துரை எங்களை வெளியே நிறுத்தும்போது திட்டுவார். திருப்பித் திட்ட ஆசையாவது வரும். இந்த ஒவ்வொரு 'ங்க'வும் என் வாயை அடைத்தது. இவ்வளவு மரியாதையாக ஒரு வீட்டை இல்லை என்று சொல்ல முடியுமா?

கரகம் திரும்பியது. பறைச் சத்தத்துக்குக் குதித்துக்கொண்டு, சரசக்காவின் பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்தபடி என் மகளும் ஓடினாள். "அம்மா, நானும் போய்ட்டு வாரேனுங்க!" அவளை யாரும் தடுக்கவில்லை. கூப்பிட்டு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை; பின்னால் போகக் கால் வரவில்லை. ஒரு சொட்டும் குறையாத குடத்தை இடுப்பில் தாங்கி, நடுத்தெருவிலேயே நின்றேன்.