இடது பக்கம் காலியாக வந்த வண்டி

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். பழைய கார்களை வாங்கிச் சேர்ப்பவராம். வேலுச்சாமி அண்ணன் வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் காரை அவருடைய பிள்ளைகளிடமிருந்து வாங்கியிருக்கிறாராம். “யார் யார் வெச்சிருந்தாங்க, என்னென்ன வேலை பார்த்தாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்னாங்க சார். ஒரு பக்கத்துல எழுதித் தர முடியுமா?” என்றார். ஒரு பக்கத்தில்! நான் வாயைத் திறந்து நலம் விசாரிக்கவே ஒரு பக்கம் ஆகும். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த கையை முகர்ந்து பார்த்தால் ஏலக்காய் மணப்பது போல இருந்தது. மூக்குக்கும் வயதாகிவிட்டது, அது தன் பாட்டுக்கு எதையாவது கிளறும்.

ஏலக்காய் மணத்தோடுதான் அந்த வண்டி எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தது. நான் அப்போது அண்ணனின் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினேன் என்றுதான் சொல்ல முடியும், சரியாக எழுதினேன் என்று சொன்னால் அண்ணனின் ஆவி மன்னிக்காது. சாந்தன்பாறையில் ஒரு ஏலத்தோட்டத்துக் கொட்டகையில் கிடந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மேற்கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரும் சீமை வண்டி. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட யாருக்கும் மனம் வரவில்லை போல.

அண்ணனின் மனைவி தங்கமணியக்கா வாசலுக்கு வந்து பார்த்தார். “கட்டிக்கிட்டு வந்த புதுசுல மூணாறு கூட்டிட்டுப் போறேன்னாரு தம்பி. புள்ளைகளுக்குக் கல்யாணமே ஆயிருச்சு. இப்பத்தான் வண்டி வந்திருக்குது, அதுலயும் கோழி எனக்கு முன்னால ஏறீருச்சு.”

சிரித்தோம். ஆனால் விஷயம் சிரிப்பானதில்லை. சர்க்கரை அக்காவின் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்கா கேட்டது மலை ஒன்றுதான். அதற்காகத்தான் அண்ணன் அந்த வண்டியை அவ்வளவு அவசரமாகப் புதுப்பித்தார். ஒரு டாக்சி பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என்னை மில்லுக்குள் போகச் சொன்னார்.

டிங்கரிங் மேஸ்திரி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, சிவப்புக்கு அடியில் பச்சை வந்தது, பச்சைக்கு அடியில் சாம்பல். ஆளுக்கொரு நிறம். பி.ஏ. வரலாறு படித்தபோது எனக்குக் காட்சி தராத வரலாறு அன்றைக்குத்தான் தரிசனம் தந்தது. பிறகு மேஸ்திரி கதவுகளைக் கழற்றினார். கழற்றிய கீல்களை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, டிரைவர் பக்கத்துக் கீல் நல்லாத்தான் இருக்குது. இந்த இடப்பக்கத்துக் கீலு தேஞ்சு தகடாப் போயிருக்குதுங்க. அத்தன தடவ தொறந்து சாத்தியிருக்காங்க. ஆனா சீட்டப் பாருங்க. ஒரு ஆளு உக்காந்த அமுக்கம் இல்ல.”

டிரைவர் சீட்டு கிழிந்து பஞ்சு தள்ளியிருந்தது. இடது சீட்டு, தூசியைத் தட்டினால், நேற்றுத் தைத்தது போல இருந்தது. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. வண்டியின் பழைய காகிதங்களைக் கரையான் தின்றிருந்ததால், நேரில் போய் விசாரிக்க ஆள் வேண்டியிருந்தது. “நீதான் வரலாறு படிச்சவனாச்சே” என்று என்னை பஸ் ஏற்றினார். நான் எத்தனை பேப்பரில் பாஸானேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாந்தன்பாறைத் தோட்டக்காரர் நான் கேட்டதும் ஆச்சரியப்பட்டார். “பூப்பாறைக்கு இறங்குற வழியில ஒரு வளைவு இருக்கு. அங்க நிறுத்தி, இடது கதவைத் திறந்து கொஞ்ச நேரம் வெச்சிருந்து சாத்தணும். சாவி குடுக்கையிலயே உங்க அண்ணன்கிட்டச் சொன்னேனே?”

“எதுக்குங்க?”

“எனக்கு வித்தவரு சொன்னாரு.”

டெலிபோன் பூத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். “சொன்னாரு தம்பி. பிரேக் சூடு ஆறுறதுக்குன்னு நெனச்சேன்” என்றார். கதவைத் திறந்தால் பிரேக் ஆறுமா என்று நான் கேட்கவில்லை. சம்பளம் தருகிறவர்.

தோட்டக்காரருக்கு விற்றவர் மறையூரில் வெல்லம் காய்ச்சுபவர். கொப்பரையில் பாகு கொதிக்கும் வாசத்தில் எனக்கு வந்த வேலையே மறந்துவிட்டது. ஒரு உருண்டை வெல்லத்தை விழுங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மனிதர் அந்த வண்டியில் கரும்பு ஏற்றியிருக்கிறார்! டிக்கியில் கட்டி, மீதியைத் தன் மடியில் வைத்து ஓட்டியிருக்கிறார். “பக்கத்து சீட்டுதான் காலியா இருக்குமே?” என்றேன். கோயில் கருவறையில் துணி காயப்போடலாமா என்று நான் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தார். கதவு விஷயத்தை அவருக்குச் சொன்னது, முதலில் வண்டியை வைத்திருந்த எஸ்டேட் துரை.

துரை எந்த ஊர் மண்ணில் இருக்கிறாரோ. அவருடைய வண்டியைக் கழுவித் துடைத்துவந்த தங்கையா பூப்பாறைப் பக்கம் தொழிலாளர் லயத்தில் இருந்தார். நல்ல வெயிலில் அவர் வாசலில் உட்கார்ந்துதான் கேட்டேன். ஆனாலும் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“துரையா ஆரம்பிச்சாரு? அவருக்கு முன்னாடியே எஸ்டேட் லாரி அங்க நிக்கும் தம்பி. அதுக்கும் முன்னாடி மாட்டுவண்டி நிக்கும். எடம் இருக்கிற வண்டி, நடந்து வர்ற ஆளை ஏத்தாமப் போகப்படாது. அது எஸ்டேட்டு வழக்கம் பாத்துக்கிடுங்க. பனிமஞ்சு மூடிருச்சுன்னா அந்த வளைவுல ஆள் நிக்குதா நிக்கலையான்னு தெரியாது. அதான் தொறந்து வெக்கிறது.”

“யாராவது ஏறியிருக்காங்களா?”

“மஞ்சுக்குள்ள எப்படித் தெரியும்?” என்றார். “தொறக்காம ஒருக்கப் போயிட்டு துரை திரும்பி வந்தாரு. அம்புட்டு தூரம் மலையேறித் திரும்பி வந்து தொறந்து வெச்சாரு. அன்னைக்கு மஞ்சே இல்ல.”

ஊர் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் வாய் என்னுடையது. அண்ணன் முகம் சுண்டிவிட்டது. அதற்குள் வண்டி தயார், சிவப்பு பளபளக்கிறது. அக்கா புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். அண்ணன் சொன்னார்: “தங்கமணி, நீ பின்னால தம்பியோட ஜீப்புல வா. அந்த சீட்டு வேண்டாம்.”

“காலியாக் கெடக்கிற சீட்டுக்கு என்ற கண்ணைக் குடுக்கோணுங்களா? இந்த மழை முடியறப்ப எனக்கு மலை ஏது, மண்ணு ஏது?”

அக்கா போய் ஏறி உட்கார்ந்தார்.

மறையூர்ச் சந்தனக்காடு, மூணாறு, தேயிலைச் சரிவு என்று அக்கா கை நீட்டிக் காட்டிக்கொண்டே போனதை நான் ஜீப்பிலிருந்து பார்த்தேன். தெரிந்ததைக் காட்டினாரா, தெரிய வேண்டும் என்று காட்டினாரா, தெரியாது. பூப்பாறைக்கு இறங்கும்போது மத்தியான வெயிலை அப்படியே மஞ்சு மூடியது. முன்னால் சிவப்பு வண்டி நின்றது. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார், கை அசையவில்லை. அக்கா தானே இடது கதவைத் திறந்தார்.

வெள்ளையாக ஏதோ உள்ளே போனது. மஞ்சுதான். வேறென்ன.

பிறகு அக்கா, கூட்டமான பஸ்ஸில் செய்வோமே, அது போலச் சேலையை ஒதுக்கிக்கொண்டு அண்ணன் பக்கமாக நகர்ந்தார். கதவு சாத்திக்கொண்டது. யார் சாத்தினார்கள் என்று நான் பார்க்கவில்லை. என் ஜீப் டிரைவர் சாமி பெயரை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் கூடச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். மலை இறங்கும் வரை அக்கா ஒட்டியே உட்கார்ந்திருந்தார். கியர் போட முடியாமல் அண்ணனின் முழங்கை இடித்துக்கொண்டே வந்தது. பூப்பாறைக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து, சாத்திவிட்டு, பழைய இடத்துக்கு நகர்ந்தார்.

டீக்கடையில் கேட்டேன். “ஏனுங்க்கா, எதுக்கு நகந்தீங்க?”

“எடம் வேணுமில்ல” என்று டீயை ஊதினார்.

“டிக்கெட் வாங்குனீங்களா?” என்றேன். என் ஆயுளில் யாருமே சிரிக்காத பகடி அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. அப்படிப் பல உண்டு.

அந்த மழைக்காலத்தோடு அக்காவின் பார்வை போயிற்று. அண்ணனும் இப்போது இல்லை. கோயம்புத்தூர்க்காரருக்கு எழுதுவதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நேற்றுப் போனேன். குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டார். பேச்சுவாக்கில், “அந்த வளைவு அப்படியே இருக்குதா தம்பி?” என்றார்.

“இல்லீங்க்கா. ரோடு அகலப்படுத்தறாங்கன்னு பாறையை வெடி வெச்சு எடுத்துட்டாங்க. இப்ப நேராப் போகுது. வண்டியெல்லாம் பறக்குது.”

அக்காவின் கை மடியில் எதையோ தடவிக்கொண்டிருந்தது.

“அப்ப அந்தப் புள்ள?”

“எந்தப் புள்ளைங்க்கா?”

“கொழுந்து பறிச்சுட்டு நனைஞ்சு வந்துச்சே. அத்தன பெரிய கூடைய எங்க வெப்பா, பாவம். என்ற மடியிலதான வாங்கி வெச்சுக்கிட்டேன்.” பிறகு கேட்டார்: “ரோடு நேராயிருச்சுன்னா எவன் நிறுத்துவான்? அவ எங்க தம்பி நிப்பா?”

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவன் நான். அந்த இடத்தை நினைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வெட்டி நிறுத்திய பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளத்தை ஒட்டி இரும்புத் தடுப்பு. நடுவில், ஒரு ஆள் ஒதுங்கி நிற்க, ஓரம் என்று ஒன்று இப்போது அங்கே இல்லை.