மூட்டையில் மிஞ்சிய மண்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்ன வேர்க்கடலை வியாபாரி. ஆனா மல்லாட்டை மூட்டையைத் தூக்கிப் பார்த்தே உள்ளே எவ்வளவு மண் இருக்குன்னு சொல்லிடுவேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் என்னை ஏமாத்தின ஆள் கிடையாது. அப்படிப்பட்ட என்னையே எடை போட்டவள் அருணாதேவி. திருவண்ணாமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற பெண்.

மாசிப் பௌர்ணமிக்கு வெறும் தண்ணி குடிச்சு விரதமிருந்து கிரிவலம் போனேன். பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாம. நாப்பது வருஷமா ஒரு பௌர்ணமி தவறினதில்லை. விரதத்திலும் சர்க்கரை மாத்திரையை விடலை. அதில் எனக்குப் பெருமை வேற.

மறுநாள் காலையில் வாந்தி, மூச்சிரைப்பு. மகன் மாறன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினான். சர்க்கரை பார்த்தாங்க, நூத்தி எழுபது.

"பார்த்தியாடா, நார்மல்! வெறும் பித்தம். வண்டியை எடு"ன்னு எழுந்துட்டேன்.

அருணாதேவி சீட்டும் கையுமா ஓடி வந்தாள். "ஐயா, உக்காருங்க. சர்க்கரை பரவாயில்லை, கேப் சரியில்லை. இருபத்தாறு."

"கேப்பா? என் பல்லுலயா?"

அவள் சிரிக்கலை. "மூட்டை எடையில பருப்பையும் ஓட்டையும் கழிச்சா மிச்சம் என்னங்க?"

"மண்ணு."

"உங்க ரத்தத்துல சோடியம்தான் மூட்டை. நூத்தி முப்பத்தெட்டு. அதுல குளோரைடு நூறு, பைகார்பனேட் பன்னெண்டு கழிச்சேன். பத்து, பன்னெண்டு மிஞ்சலாம். இருபத்தாறு மிஞ்சுது, அந்த மிச்சம்தான் கேப். அவ்ளோ ஆசிட்டு. வீட்டுக்குப் போனா உசுருக்கே ஆபத்துங்க. என்ன மாத்திரை போடறீங்க?"

மாறன் மாத்திரை அட்டையை நீட்டினான். இந்த மாசம்தான் புதுசா எழுதிக் கொடுத்தது, சர்க்கரையை மூத்திரத்தில் இறக்குற மாத்திரை. அதைப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா, சர்க்கரை பெருசா ஏறாமலே ரத்தம் புளிச்சுப் போகுமாம். அவளே போய் டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள். என் ஒரு கையில் இன்சுலின் ஏறுது, மறு கையில் சர்க்கரைத் தண்ணி. இது என்ன கூத்துன்னு கேட்டேன்; ஆசிட்டை இறக்க இன்சுலின், சர்க்கரை ரொம்ப இறங்காம இருக்க அந்தத் தண்ணியாம்.

மூணாம் நாள் கேப் பத்து. மூச்சு சீராச்சு. சீட்டைக் கொடுக்க வந்தவளைக் கேட்டேன். "மூட்டைக் கணக்கு உனக்கெப்படிம்மா தெரியும்?"

"உங்களுக்கு மல்லாட்டை போடற மணிவேல் பொண்ணுங்க நான். மூட்டைக்கு மூணு கிலோ மண்ணுன்னு அப்பாகிட்ட கழிச்சீங்களே. ரெண்டுதாங்க இருந்துச்சு."

சீட்டை வாங்கி மடியில் வச்சுக்கிட்டேன்.

அடுத்த பௌர்ணமிக்கும் சுத்தினேன், டாக்டர் மாத்திக் கொடுத்த மருந்தோட, நாலு இட்லி தின்னுட்டு. மலை சுத்துற வழியில, அடி அண்ணாமலையில் தெரிஞ்ச முகத்தைக் கண்டா நிறுத்திக் கேக்கறேன்: "சர்க்கரையா? விரதமா? மாத்திரைக்கு டாக்டரைக் கேட்டியா?"

மணிவேல் மூட்டையை இப்போ சலிச்சுப் பார்த்துதான் எடை போடறேன். மத்தவங்க மூட்டையா? தூக்கிப் பார்த்தாலே போதும். என் கை தப்பாதுங்க.