அவர் அனுப்பிய சின்னப் படகு

மட்டாஞ்சேரி படகுத்துறையில் ரிமோட் வைத்துப் பொம்மைப் பாய்ப்படகு ஓட்டிய அந்த மனிதரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மெலிந்த உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி, கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி. படகை நீரில் விடுமுன் தோள்துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்ப்பார். பிறகு, காயலில் மிதக்கும் ஆகாயத்தாமரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று வெகுநேரம் பார்ப்பார்.

நானும் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னேன்.

“முதல்ல வாங்கறது சின்னது போதும் சாரே. குளத்துல ஓட்டிப் படிங்கோ. இதுக்கு மோட்டார் இல்லல்லோ, காத்து கொறஞ்சா வெள்ளம் கொண்டுபோகும்” என்றார், காயல் நீரைக் காட்டி.

பிராட்வே கடைத்தெருவில் என் இடுப்புயரப் பாய் வைத்த படகை வாங்கினேன். அழகில் மயங்கிவிட்டேன், வேறென்ன. அடுத்த ஞாயிறே அவருக்குக் காட்டவென்று துறைக்குக் கொண்டுவந்து, எதையும் பார்க்காமல் நீரில் விட்டேன். கடல் வற்றும் வேலியிறக்க நேரம். நீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. காற்று தளர்ந்ததும் என் படகு விலகிப் போகத் தொடங்கியது. ரிமோட்டை என்ன செய்தும் திரும்பவில்லை.

அவர் தோள்துண்டைத் தூக்கி, மிச்சமிருந்த காற்றைப் பார்த்துத் தன் சின்னப் படகை அனுப்பினார். அது என்னுடையதை முட்டி முட்டிப் படிக்கட்டுவரை தள்ளிவந்தது. நான் என் படகை வாரி எடுத்துக்கொண்டேன். அந்தக் கொஞ்சக் காற்றும் அதற்குள் நின்றுபோக, அவருடைய படகை நீர் கொண்டுபோய்விட்டது.

“போகட்டே சாரே. உங்களுது புதுசல்லே.”

அந்த நிமிடமே என் படகை அவர் கையில் கொடுத்திருக்கலாம். நானோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் அது என் வீட்டு அலமாரி மேல் நிற்கிறது. ஒரு கீறல்கூட இல்லை.