மூன்று தடவை கேட்டவர்

எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய தீர்மானம் ஒன்று அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நிறைவேறியது. நிர்வாகக் குழுக் கூட்டங்களில் டீயுடன் இனி வர்க்கி கிடையாது, பன் மட்டுமே. வர்க்கி உதிர்ந்து விரிப்பு பாழாகிறது என்று ஒரு தரப்பும், பன் தொண்டையை அடைக்கிறது என்று மறுதரப்பும் நெடுநேரம் வாதாடின. தம் வீட்டில் டீக்கு என்ன கடித்துக்கொள்வது என்று ஒருநாளும் முடிவெடுத்திராத குடும்பத் தலைவர்கள் அனைவரும் கை தூக்கினார்கள். செயலாளர் என்ற முறையில் நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பாஸ் பாய் மவுத்தாகிவிட்டார்.

அவருக்காகக் கையேந்தி துஆ செய்தோம். பிறகு தலைவர் என் பக்கம் திரும்பி, "அப்ப உங்க அண்ணன் பொண்ணு நிக்காஹ்வுக்கு உள்ள யாருங்க போறது?" என்றார். துக்கச் செய்தி வந்த இடத்தில் கேட்கக்கூடாத கேள்வி. எனக்கும் முதலில் தோன்றியது அதுதான்.

உக்கடத்தில் மரக்கடை வைத்திருந்த அப்பாஸ் பாயை உங்களில் பலர் கல்யாண மண்டபங்களில் பார்த்திருப்பீர்கள். நிக்காஹ் ஓதுவதற்கு முன், இரண்டு சாட்சிகளுடன் மணப்பெண் இருக்கும் அறைக்குப் போய், இன்னாருடைய மகனை இன்ன மஹர் தொகைக்குக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டு வருபவரை வக்கீல் என்கிறோம். முதல் கல்யாணம் செய்துகொள்ளும் பெண் வாய் திறக்காவிட்டாலும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு. ஆகவே மற்ற வக்கீல்கள் வாசற்படியில் நின்றபடியே கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். அப்பாஸ் பாய் மட்டும் உள்ளே போனதும் நாற்காலி கேட்பார்.

"அந்தச் சலுகை பொண்ணோட வெக்கத்துக்குக் குடுத்ததுங்க. நம்ம அவசரத்துக்குக் குடுத்ததில்லீங்க" என்பது அவர் வாதம்.

ஒரு பிளைவுட் வியாபாரியின் மகள் நிக்காஹ்வில் நான் சாட்சியாக அவருடன் போனேன். பெண் குனிந்த தலை நிமிரவில்லை. அப்பாஸ் பாய் ஒருமுறை கேட்டார். பதில் இல்லை. பக்கத்திலிருந்த பெண்ணின் மாமி, "அதான் சம்மதம்னு தலைய ஆட்டுதுங்களே" என்றார்.

"ஃபேன் காத்துல முக்காடு ஆடுதுங்க. தலை ஆடலீங்க."

இரண்டாம் முறை கேட்டார். பதில் இல்லை. வெளியே மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்க்க, நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க பாய், ஊட்டுல உங்க பேச்சு எடுபடலைன்னு இங்க வந்து உக்காந்துட்டீங்களா?" என்று மாமி கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. அப்பாஸ் பாயும் சிரித்தார், எழுந்திருக்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது முக்காட்டுக்குள்ளிருந்து சத்தமாகவே பதில் வந்தது: "சம்மதங்க. நீங்க மொதல்ல போய்ச் சாப்புடுங்க. பாவம், கையெல்லாம் நடுங்குது."

நடுக்கம் உண்மை. அப்பாஸ் பாய் போல ஒரு பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஊட்டி பஸ்ஸில் ஏறினால் மேட்டுப்பாளையம் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்குவார். குன்னூர் வந்துவிட்டதா என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுத்தான் திறப்பார். ஊசிக்குப் பயம், இடிக்குப் பயம், பல்லிக்குப் பயம். ஆண்கள்தான் குடும்பத்தின் நிர்வாகிகள் என்று ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஹஜ்ரத் செய்த பயானைக் கேட்டுவிட்டு நாங்கள் நெஞ்சு நிமிர்த்தி வெளியே வந்தபோது, இவர் மட்டும் காய்ச்சல் கண்டவர் போல வந்தார்.

"என்னங்க பாய், ஒடம்பு சரியில்லையா?"

"அவர் சொன்னத நீங்க கேட்டீங்களா இல்லீங்களா? நிர்வாகின்னா பெஞ்சாதி, புள்ளைங்க எல்லாத்துக்கும் நாளைக்கு அங்க கேள்வி நம்மகிட்டத்தானுங்க. உங்களுக்கெல்லாம் எப்படீங்க பசிக்குது?"

எங்களுக்குப் பசித்தது.

அவர் வீட்டில் அவர்தான் தலைவர் என்பதில் அவர் மனைவி ஜமீலாக்காவுக்கு மாற்றுக் கருத்து இல்லை. "தலைவர் அவருதானுங்க. கரப்பான்பூச்சி வந்தா மட்டும் நான் போவேன்" என்பார். கடைக்கு மரம் வாங்குவதென்றாலும் அப்பாஸ் பாய் அக்காவிடம் கேட்பார், மகள்களிடம் கேட்பார், கேட்டபின் அவர்கள் சொன்னதையே செய்வார். பெண்டாட்டி பேச்சைக் கேட்பவர் என்று மஹல்லாவில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களும் தம் மகள் கல்யாணத்துக்கு அவரைத்தான் வக்கீலாகக் கூப்பிட்டார்கள். ஏனென்று அவர்கள் சொன்னதில்லை.

இனி என் வீட்டு விஷயம். அண்ணன் காலமானபின் அந்தக் குடும்பத்துக்கும் நானே தலைவர் ஆனேன். அவர் மகள் நஸ்ரின் சூலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பேசினேன். நல்ல இடம். நிக்காஹ்வுக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அண்ணி சம்மதித்தார். நான் சம்மதித்தேன்.

பத்திரிகை கொடுக்க மரக்கடைக்குப் போனபோது அப்பாஸ் பாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க. ஒண்ணும் சொல்லலீங்க."

"அதத்தானுங்க கேக்கறேன். என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னுதானுங்களே பாய்?"

அவர் பத்திரிகையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தார். "செரி, நான் வாரேனுங்க. நான் கேட்டுக்கறேன்" என்றார். எனக்கு அப்போது ஏற்பட்ட நிம்மதியை என்னால் விவரிக்க முடியாது. கேட்கும் வேலை அவருடையது. பதிலுக்குப் பயப்படும் வேலையும் அவருடையது. நான் பந்தியைக் கவனித்தால் போதும்.

அந்த ஏற்பாடு இருந்தபோதுதான் அவர் மவுத்தாகிப்போனார். கபரில் மண் அள்ளிப் போட்டபோது என் கைகள் நடுங்கின. சுற்றியிருந்தவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்கள். துக்கமும் இருந்தது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது என்ன என்று கேட்டால், பொறுமை, நேர்மை என்றெல்லாம் எழுத ஆசைதான். தங்கியது அந்தப் பயம். அன்று முதல் நஸ்ரின் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாலும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். பார்த்தால் பயமாக இருக்கிறது.

வேறு வக்கீல் கிடைக்கவில்லை. வாசற்படியிலிருந்து கேட்கத்தான் எல்லோரும் தயாராக இருந்தார்கள். நிக்காஹ் நாளான ஞாயிற்றுக்கிழமை இரண்டு சாட்சிகளுடன் நானே உள்ளே போனேன். மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, மஹரைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டேன். அவள் பேசவில்லை. "சம்மதந்தானுங்க, நீங்க போங்க, நேரமாச்சு" என்றார் அண்ணி. நான் நாற்காலி கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, நாற்காலி வந்தது. உட்கார்ந்து இரண்டாம் முறை கேட்டேன். மண்டபத்தில் மைக் சோதித்தார்கள். மூன்றாம் முறை கேட்டேன்.

"நான் சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே, சின்னத்தா?"

"கோவம் இல்ல கண்ணு. பயமாத்தான் இருக்குது. நீ சொல்லு."

அவள் சொன்னாள். நான் வெளியே போய் மைக்கை நிறுத்தச் சொல்லி, நிக்காஹ் நடக்காது என்றேன்.

திங்கட்கிழமை காலை நஸ்ரின் வழக்கமான பஸ்ஸில் சூலூருக்கு வேலைக்குப் போனாள்.