சொம்பில் தெளிந்த பெயர்

எண்பதுகளில், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கத்தும் மெஷினோடு சுற்றுவார். ஒருநாள் எங்கள் தோட்டத்திலேயே அது கத்த, தோண்டி, பச்சை பூத்த பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

புளி போட்டுத் தேய்த்தேன். கழுத்தோரம் வெட்டியிருந்த பெயர் மெல்லத் தெளிந்தது: சரோஜா. என் கணவரின் முதல் மனைவி. சீர்ப் பாத்திரங்களை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு ஓடிப்போனவள் என்று சொல்லித்தான் என்னைக் கட்டினார்.

“இதப் பாருங்க,” என்றேன்.

எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. “அந்தாளு இன்னும் தோண்டிக்கினு இருக்கானா?” என்றார்.

தோட்டத்தில் மெஷின் மறுபடி கத்தியது.

அன்றிலிருந்து, என் பெயர் வெட்டிய சொம்பு அலமாரியில் இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள்கிறேன்.